‘பொறுத்துப் போ’ என்பதும் தமிழ்தானா?

தமிழில் ஒரு சிறு சொற்றொடர் உண்டு. அதில் வடவெழுத்து ஒன்றும் இல்லை. அயற்சொற் கலப்பும் இல்லை. மொழிஞாயிறு பாவாணரின் வேர்ச்சொல் உரைகல்லில் உரைத்துப் பார்த்தாலும் மாற்றுக் குறையாத தமிழ் என்றே அது தேறும். ஆனால் கொங்கு நாட்டுப் பெண்மக்கள் எத்தனையோ பேரின் முதுகெலும்பை முறித்ததும், சிலரின் மூச்சையே நிறுத்தியதும் அந்தத் தூய தமிழ்ச் சொற்றொடர்தான். ‘பொறுத்துப் போ’ என்பதே அது!

அடிபட்ட மகள் தாய்வீட்டு வாயிலில் வந்து நிற்கிறாள். ‘பொறுத்துப் போ, சாமி’ என்கிறாள் தாய். ‘ஆண்பிள்ளை என்றால் நாலும் இருக்கும், பொறுத்துப் போ’ என்கிறார் தந்தை. சமரசம் பேச வந்த ஊர்ப் பெரியவர் ‘அனுசரித்துப் போ’ என்கிறார். கல்லூரியில் படித்த அண்ணனோ ‘அட்சசுட்டு பண்ணிப் போ’ என்கிறான். தமிழும் வடமொழியும் ஆங்கிலமும் சண்டையின்றிக் கைகோத்து நிற்கும் இடம் தமிழகத்தில் இஃது ஒன்றே போலும்! இருமொழியா மும்மொழியா என்று அரை நூற்றாண்டுக்கு மேலாக வழக்காடும் நாட்டில், பெண்ணை அடிக்கும் செய்தியில் மட்டும் மும்மொழிக் கொள்கை முட்டின்றி நடைபெற்று வருகிறது.

இது நகைத்துவிட்டுப் போகும் செய்தி அன்று. ‘அனுசரித்து’ என்னும் வடசொல்லை நீக்கி, அவ்விடத்தில் ‘பொறுத்து’ என்னும் தமிழ்ச்சொல்லை இட்டுவிட்டால் மொழி தூய்மையாகலாம், வீடு தூய்மையாகிவிடாது. ‘வரதட்சணை’யை ஓட்டிவிட்டுச் ‘சீர்’ என்று அழகிய தமிழில் அழைத்தாலும், மணமகளின் தந்தை கடனாளியாவதும், கேட்டது குறைந்தால் மகள் உதைபடுவதும் மாறிவிடுவதில்லை. சொல் தமிழாகிச் செயல் விலங்குத்தனமாகவே நின்றால், அச்சொல்லால் தமிழுக்கு இழுக்கேயன்றிப் பெருமை இல்லை. தமிழைத் தூய்மைப்படுத்த முனைந்த இயக்கம், தமிழன் வீட்டைத் தூய்மைப்படுத்தாமல் அரைவழியில் நின்றுவிட முடியாது.

உழைப்பு அவளுடையது; பணப்பை அவனுடையது

இக்கொடுமையின் வடிவத்தைக் காணத் திருப்பூரைக் காட்டிலும் தக்க இடம் இல்லை. நொய்யற் கரையிலே எழுந்து, 2009இல் தனி மாவட்டத் தலைநகராக உயர்ந்த அவ்வூர், இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேற்பட்டதைத் தன் தோளில் சுமக்கிறது. 2024–25ஆம் ஆண்டில் அவ்வூரின் ஏற்றுமதி மதிப்பு 40,000 கோடி உருபாவை ஒட்டி நின்றது. அந்தக் கோடிகளைக் கட்டித் தூக்கி நிறுத்தியவற்றுள் பெண்களின் விரல்கள் முதன்மையானவை. துணியை மடித்துக் கொடுக்கும் கைமடிப் பெண், பிசிர் வெட்டும் பெண், ஓவர்லாக் பொறியின்மேல் குனிந்த தலை நிமிராமல் தைக்கும் பெண், ‘செக்கிங்’ மேசையருகில் நின்ற காலோடு நாளைக் கழிக்கும் பெண் என அங்கே பெண்ணுழைப்புக்குப் பல பெயர்கள். தென்மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து வந்தவர்களும், ஒடியாவும் இந்தியும் பேசும் தொலைநாட்டுப் பெண்களும் அவர்களுள் அடங்குவர். மொழி வேறாயினும் முதுகில் விழும் அடிக்கு மொழி இல்லை.

பெண் பொருளீட்டத் தொடங்கிவிட்டால் அவள் தளை தானே அறும் என்று நம்பியவர் பலர். அந்நம்பிக்கையில் பாதி உண்மை. மறுபாதியைத் திருப்பூரின் சனிக்கிழமை மாலை பொய்யாக்கிக் காட்டுகிறது. சனிக்கிழமை அங்கே கூலி நாள். ஆறு நாளும் ஒன்றரை ‘சிப்டு’ பார்த்துப் பன்னிரண்டு மணிநேரத்தை எட்டும் அளவுக்கு உழைத்தவள் கையில் கூலி விழுகிறது. ‘லைன் வீடு’ எனப்படும் தொடர்வீட்டின் வாயிலில் காத்திருக்கும் கணவன் கைக்கு அது மாறுகிறது. வங்கியில் கூலி விழுமாயின் வங்கி அட்டை அவன் சட்டைப்பையில் இருக்கும். கொடுத்தால் ஓரடி குறையும். கொடுக்காவிட்டால் ஓரடி கூடும். வேலை நீண்டு இரவு ஒன்பது மணிக்கு வந்தவளை ‘இந்நேரம்வரை எவனோடு இருந்தாய்?’ என்று கேட்கும் அதே வாய்தான், மறுநாள் மிகைநேரக் கூலியை எண்ணிப் பார்த்துக் குறைகிறதே என்றும் கேட்கிறது! அவள் உழைப்பு அவனுக்கு வேண்டும். அவ்வுழைப்புத் தரும் தலைநிமிர்வு மட்டும் வேண்டாவாம்.

இந்தத் தளை திருமணத்திற்கு முன்பே பூட்டப்பட்டுவிடுகிறது. கொங்கு வட்டார நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்றொன்று நடந்தது. கணவன் உயிரோடுள்ள பெண் என்பது அவ்வடசொல்லின் பொருள். ஏழைக் குடும்பத்து இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதிகளில் இருத்தி வேலை வாங்கி, முடிவில் திருமணச் செலவுக்கென ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொன்னது அத்திட்டம். இடையில் நோயுற்று வீடு திரும்பியவளுக்கு அத்தொகை கிடைப்பதே அரிதாயிற்று. 2011 அளவில் நெதர்லாந்து நாட்டு ஆய்வமைப்புகள் அதனை விரித்தெழுதிய பின் அஃது உலகறிந்த பழியாயிற்று. எண்ணிப் பார்க்க வேண்டும்: ஒரு பெண் தன் இளமையில் மூன்றாண்டுகளை விற்று ஒரு கணவனை விலைக்கு வாங்குகிறாள், வாங்கப்பட்டவன் அவளுக்கே உடையவனாகி அடிக்கிறான். உலகில் வேறெந்தச் சந்தையிலும் விலை கொடுத்தவர் அடிமையாவதும் விலைப்பட்டது ஆண்டையாவதும் உண்டோ?

குடியா அடிக்கிறது?

‘எல்லாம் குடியால் வந்த கேடு, குடியாதபோது அவன் நல்லவன்’ என்பது அடுத்துச் சொல்லப்படும் அமைதி. குடியின் கேடு சிறிதன்று. இந்திய அரசின் ஐந்தாம் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019–21இல் நடந்தது. அதன்படி, அடிக்கடி குடித்து மயங்கும் கணவரையுடைய மனைவியருள் 70 விழுக்காட்டினர் கணவரால் உடல் அல்லது பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள். குடியாத கணவரையுடைய மனைவியருள் அவ்வளவு 23 விழுக்காடு. 2003ஆம் ஆண்டின் இறுதியில் தமிழக அரசு மதுவின் சில்லறை விற்பனையைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டது. 2023–24இல் அதன்வழி அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி உருபாவுக்கு மேல். அந்த வருவாயில் அடிபட்ட பெண்களின் பங்கு எவ்வளவு என்று எந்த நிதிநிலை அறிக்கையிலும் எழுதப்படவில்லை.

ஆயினும் குடியையே முழுக் கரணியமாகக் காட்டுவது அடிப்பவனுக்கு வழக்கறிஞர் வேலை பார்ப்பதாகும். குடித்தவன் தன் மேற்பார்வையாளனை அடிப்பதில்லை. கூலியைப் பிடித்துக்கொண்ட ஒப்பந்தக்காரனை அடிப்பதில்லை. காவலரைக் கண்டால் கைகட்டி நிற்கிறான். தன் வீட்டு வாயிற்படி ஏறிய பிறகுதான் அவன் கை எழுகிறது. யாரை அடித்தால் கேட்பாரில்லை என்பதை அந்தக் கை மயக்கத்திலும் மறக்கவில்லை! மேலும், அந்த 23 விழுக்காட்டுப் பெண்களை அடித்தவர்கள் சொட்டும் குடியாதவர்கள். தெளிந்த அறிவோடு அடித்தவர்கள். குடி எரியும் தீக்கு எண்ணெய். தீயை மூட்டியது ‘இவள் என் உடைமை’ என்னும் எண்ணமே.

அதே கணக்கெடுப்பு மற்றொன்றும் கூறுகிறது. தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 அகவை வரையுள்ள பெண்களுள் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்கொடுமையைப் பட்டறிந்தவர்கள். இந்திய அளவிலான கணக்கு 29 விழுக்காடு. வடவரினும் தமிழர் பண்பாட்டில் உயர்ந்தோர் என்று மேடைதோறும் முழங்குவோர் இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதி வைத்து ஒரு நாழிகை உற்று நோக்குவாராக!

‘பெண்கள் பொய் வழக்குப் போடுகிறார்களே’ என்பாரும் உளர். எந்தச் சட்டத்தையும் பொய்யாகப் பயன்படுத்துவார் சிலர் இருக்கலாம். அதனை ஆய்ந்து தள்ளவே மன்றங்கள் உள்ளன. ஆனால் இந்திய அளவில் உடல், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுள் 77 விழுக்காட்டினர் யாரிடமும் வாய்திறக்கவே இல்லை. உதவி நாடியவர் 14 விழுக்காட்டினரே. நாட்டின் பெருஞ்சிக்கல் பெண்கள் பொய்சொல்வது அன்று, மெய்யைச் சொல்லாதிருப்பதே. சொல்லாதிருக்கப் பழக்கியது எது? ‘பொறுத்துப் போ’ என்னும் அதே தமிழ்தான்.

அவிநாசியில் கேட்ட குரல்

ஏழைக் குடும்பங்களில்தான் இது நடக்கும் என்று செல்வர் எண்ணுவதும் பொய். 2025 சூன் திங்களில் அவிநாசி வட்டாரத்தில், மணமாகி மூன்று திங்களும் நிறையாத இளம்பெண் ஒருத்தி உயிரை மாய்த்துக்கொண்டாள். வறுமை தீண்டாத குடும்பம். பவுனுக்கும் மகிழுந்துக்கும் குறைவில்லாத திருமணம். கணவன் வீட்டார் கொடுமையைத் தந்தைக்குக் குரற்பதிவுகளாகச் சொல்லிவிட்டே அவள் போனாள். வழக்குப் பதிவாயிற்று, கணவனும் அவன் பெற்றோரும் தளைப்பட்டனர். அவர்கள்மீதுள்ள குற்றத்தை ஆய்வது மன்றத்தின் வேலை. ஆனால் ஊரார் ஆய வேண்டியது வேறொன்று. தமிழகமெங்கும் கேட்கப்பட்ட அந்தக் குரலின் பிழிவு, பொறுத்துப் போகுமாறே எல்லாரும் சொல்கிறார்கள், இனி முடியாது என்பதுதான். அன்புள்ள சுற்றம் அவளுக்கு இருந்தது. ஆனால் அந்த அன்பிடம் அவளுக்குச் சொல்ல வேறு சொல் இல்லை!

பெற்றோர் பார்த்து முடித்த திருமணத்திலேயே இந்நிலை என்றால், தானே தேடிக்கொண்டவளின் நிலை என்ன? 2016 மார்ச்சு 13இல் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் சங்கர் என்னும் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி கடந்து மணந்ததே அவர் செய்த ‘குற்றம்’. அத்தகைய வாளோங்கிய நிலத்தில் சாதி கடந்து மணந்த பெண், பின்னொரு நாள் கணவனிடமே அடிபடுவாளாயின் எங்கே போவாள்? ‘நீ தேடிக்கொண்டதுதானே’ என்று தாய்வீட்டுக் கதவு சாத்தப்படும். சாதி வெறி மணமக்களைக் கொல்வது மட்டுமன்று; உயிரோடு விட்டவர்களின் திரும்பும் வழியையும் அடைத்து வைக்கிறது.

அடியும் அன்பும்

அடி என்பது கன்னத்தில் விழுவது மட்டும் என்று எண்ணிக்கொண்டிருப்பதால்தான் பலர் தம்மை நல்ல கணவர் என்று நம்பித் திரிகின்றனர். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைக் காப்புச் சட்டம், 2006 அக்தோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. உடலை வருத்துவது, விருப்பமின்றி உடலுறவுக்கு நெருக்குவது, சொல்லாலும் உள்ளத்தாலும் நோகடிப்பது, பொருளைப் பறித்து முடக்குவது ஆகிய நான்கையும் அது வன்முறை என்றே வரையறுக்கிறது. அவள் கூலியைப் பறிப்பது வன்முறை. ‘மலடி’ என்று இழித்துரைப்பது வன்முறை. பெண்ணாய்ப் பெற்றாள் என்று ஏசுவது வன்முறை.

வீடு யார் பெயரில் இருந்தாலும் அவ்வீட்டில் தங்கும் உரிமையை அச்சட்டம் அவளுக்குத் தருகிறது. குற்றவியல் நடுவர் காப்பாணையும் வாழ்பொருளும் வழங்கலாம். காப்பாணையை மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு. தாலி கட்டாமல் கணவன் மனைவிபோல் சேர்ந்து வாழ்ந்தவளுக்கும் இக்காப்பு உண்டு. கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமைக்கு மூன்றாண்டு வரை சிறை என்பது 1983 முதல் சட்டத்தில் உள்ளது. 2024 சூலை முதல் நடப்பிலுள்ள புதிய குற்றச் சட்டத்தில் அது 85ஆம் பிரிவு. ஆயினும் அதே புதிய சட்டம், பதினெட்டு அகவை நிறைந்த மனைவியைக் கணவன் வலிந்து புணர்வதை வன்புணர்வுக் குற்றத்திலிருந்து விலக்கியே வைத்துள்ளது. தாலி கட்டியவனுக்கு மறுப்பே கிடையாது என்னும் பழைய அடிமை முறியைப் புதிய தாளில் எழுதி வைத்ததன்றி இது வேறென்ன?

அன்புக்கும் ஆட்சிக்கும் வேறுபாடு அறியாத இளைஞர்க்கும் இளம்பெண்களுக்கும் அதனை எடுத்துச் சொல்வார் இல்லை. அவள் கைப்பேசியைப் பறித்து ஆராய்வதை அக்கறை என்றும், தாயிடம் பேசாதே எனத் தடுப்பதைப் பற்று என்றும், உடன் வேலை செய்பவனோடு பேசினாள் என்று அறைவதைக் காதல் மிகுதி என்றும் திரைப்படங்கள் அவர்களுக்குக் கற்பித்துள்ளன. அன்பின் அளவுகோல் எளியது. அவனைக் கண்டதும் அவள் முகம் மலர்கிறதா, மூச்சு அடங்குகிறதா? ‘வேண்டா’ என்று அவள் சொன்னால் அவ்வீட்டில் அச்சொல்லுக்கு மதிப்பு உண்டா? கூலியைச் செலவிடுவதை இருவரும் அமர்ந்து பேசி முடிவு செய்கின்றனரா? சினம் வந்தபோது அவன் வெளியே போய் நடந்துவிட்டு வருகிறானா, கையை ஓங்குகிறானா? இவற்றுக்கு வரும் விடையே அது இல்லறமா கொட்டடியா என்பதைச் சொல்லிவிடும்.

பழமொழியும் பழந்தமிழும்

பெண்ணடிமையெல்லாம் வடவர் கொண்டுவந்தவை என்று சொல்லித் தமிழர் கைகழுவிவிட முடியுமா? ‘கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருசன்’ என்னும் பழமொழியில் பாதி வடமொழி, உண்மை. ஆனால் ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்பதில் எந்த எழுத்து வடவெழுத்து? ‘அடியாத மாடு படியாது’ என்று மனைவியைச் சுட்டிச் சிரிப்பவன் பேசுவது எந்த நாட்டு மொழி? தூய தமிழில் சொல்லப்பட்டதால் கயமை தூய்மை பெற்றுவிடாது.

காதலர்க்குப் பத்துவகை ஒப்பு வேண்டும் என வகுத்தது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். அப்பத்தினுள் நிறையும் அருளும் உணர்வும் அடங்கும். அங்கே இருவரும் நிகர்நிறை. அதே பழநூல்களில் பெண்ணைக் கீழே வைத்த இடங்களும் உண்டு. முன்னதைப் போற்றிப் பின்னதைத் தள்ளும் துணிவே தமிழ்ப்பற்று. இரண்டையும் ஒருசேரப் பட்டுத்துணியில் கட்டி வணங்குவது அன்று. மேடையில் தமிழன்னைக்கு மாலையிட்டு, மொழிக்காகச் சிறை புகுந்த பெருமை பேசி, வீடு திரும்பியதும் சோற்றில் உப்புக் குறைந்ததென மனைவியின்மேல் தட்டை வீசுபவன் எந்தத் தமிழுக்கும் தொண்டன் ஆகான். மகளுக்கு ‘கயல்விழி’ என்று பெயர் சூட்டியவன், அந்தக் கண்முன்னே அவள் தாயை அடிப்பானாயின், அப்பெயரால் அம்மகள் பெற்ற நன்மை யாது?

செய்யத் தக்கது

முதலாவது, சீருக்கு மாற்றாகப் பங்கு. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என 1929இல் செங்கற்பட்டுத் தன்மான மாநாடு தீர்மானித்தது. அறுபது ஆண்டுகள் கழித்து 1989இல் தமிழகம் அதனைச் சட்டமாக்கியது. ஆயினும் கொங்கு நாட்டில் நிலமும் பட்டறையும் மகனுக்கும், பவுன் மகளுக்கும் என்பதே இன்னும் நடைமுறை. பவுன் அவளோடு போய் மாமியார் வீட்டுப் பெட்டியில் பூட்டப்படுகிறது. பங்கோ அவளுக்குத் திரும்பி வர ஓர் அறையைத் தாய்வீட்டில் திறந்து வைக்கும். நூறு பவுன் தர முடியாத அரண் அந்த ஓர் அறை.

இரண்டாவது, தொழிற்களம். 2021 சனவரியில் திண்டுக்கல் வட்டாரத்து ஆடைத் தொழிற்சாலைப் பெண் ஒருத்தி தன் மேற்பார்வையாளனால் கொல்லப்பட்ட பின், பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் ஒன்று பொருதி நின்று, 2022இல் ஆலை உரிமையாளரோடும் உலக வணிக நிறுவனத்தோடும் உடன்பாடு கண்டது. பெண்தொழிலாளரே ஒருவருக்கொருவர் காவலாக நின்று வன்கொடுமையை வெளிக்கொணரும் வழியை அது வகுத்தது. ஆலைக்குள் முடிந்தது ஆலைக்கு வெளியே முடியாதா? வீங்கிய முகத்தோடு வந்தவளைப் பார்த்துக் ‘கதவில் இடித்துக்கொண்டாயா?’ என்று கேட்டு நகராமல், அருகில் அமர்ந்து கேட்கும் ஒரு தோழியைத் திருப்பூரின் ஒவ்வொரு தையல் வரிசையும் உருவாக்குக! கூலி அவள் பெயர்க் கணக்கிலேயே விழவும், வழக்குக்குப் போகும் நாளில் வேலை பறிபோகாதிருக்கவும் சங்கங்கள் கேட்டுப் பெறுக!

மூன்றாவது, அண்டை வீடு. தொடர்வீடுகளில் சுவர் ஒன்றே; அலறல் அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் போவதில்லை. ‘அது கணவன் மனைவிச் சண்டை’ என்று வானொலியின் ஒலியைக் கூட்டுகிறவன் அவ்வடியில் பங்காளி. பாதிக்கப்பட்டவள்தான் முறையிட வேண்டும் என்பதில்லை. யாரும் காப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம் என்கிறது சட்டம். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது எப்பொறுப்பும் சாராது. கதவைத் தட்டுக! பெண்களுக்கான 181 என்னும் எண்ணும், அவசரத்திற்கு 112 என்னும் எண்ணும், உள்ளம் உடைந்து உயிர்வெறுத்தவர்க்கு 14416 என்னும் எண்ணும் ஒவ்வொரு தொடர்வீட்டின் தண்ணீர்க் குழாயடியிலும் எழுதி வைக்கப்படுக! மாவட்டச் சமூகநல அலுவலகமும் அனைத்து மகளிர் காவல் நிலையமும் அப்பெண்ணுக்கு உரியவை. அங்கும் ‘பொறுத்துப் போ’ என்று சொல்லித் திருப்பி அனுப்பும் அலுவலர் இருப்பின், துணைக்கு நால்வர் சென்று வழக்கு எழுதப்படும் வரை நிற்க!

இறுதியாக ஒரு சொல்லாய்வு. ‘பொறு’ என்னும் வேரிலிருந்தே ‘பொறுத்தல்’ பிறந்தது. அதே வேரிலிருந்தே ‘பொறுப்பு’ம் பிறந்தது. முன்னதைப் பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டுப் பின்னதை ஆணின் தோளிலிருந்து இறக்கிவைத்ததே தமிழ் வீட்டில் நடந்த பெரும் பிழை. அவளைப் பார்த்துப் ‘பொறுத்துப் போ’ என்பது ஒழிக! அவனைப் பார்த்துப் ‘பொறுப்பேற்று நில்’ என்பது ஒலிக்க! அன்றுதான் அந்த வேர் தமிழ் வேராக நிற்கும். அன்றுதான் அந்த வீடு தமிழ் வீடாகும்.